பல்லுக்குக் கம்பி: 8 வயதிலா, 12-லா, 40-க்கு மேலா?

மகளுக்கு 8 வயது நடந்தபோது முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து விழுந்திருப்பதைப் பார்த்துப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். "இப்பவே ஆரம்பிச்சிடலாம்மா, தள்ளிப் போட வேண்டாம்" என்றார். மனசு கேட்காமல் இன்னொருவரிடம் காட்டினேன். "பன்னிரண்டு வயசு ஆகட்டும், இப்ப என்ன அவசரம்?" என்றார். அந்த வாரமே அலுவலகத்தில் 45 வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் வாய் நிறையக் கம்பியோடு வந்து, "ஏன், நான் போடக் கூடாதா?" என்று சிரித்தார்.

யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று குழம்பி, கண்ணில் பட்டதையெல்லாம் படித்து, மருத்துவர்களையும் நச்சரித்துத் தெரிந்துகொண்டது இது: மூன்று பேரும் சொன்னது சரிதான். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பல் வேறு, தாடை வேறு

பல்லை நகர்த்த எது சரியான வயது என்பது ஒரு கேள்வி. தாடையைத் திருத்த எது சரியான வயது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பல் எலும்போடு எலும்பாக ஒட்டி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே, கால் மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக ஒரு நார்த் திசு இருக்கிறது. கம்பி ஒரு பக்கமாகத் தள்ளும்போது, பல் போய் அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. அது விட்டு விலகும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் பல் ஊர்கிறது. இந்தக் கரைதலும் படிதலும் 8 வயதிலும் நடக்கும், 60 வயதிலும் நடக்கும். வயது ஏற ஏற, பல் நகரத் தொடங்குவது கொஞ்சம் மெதுவாகும். நின்றுபோவதில்லை.

தாடைக்குத்தான் பருவம் உண்டு. மேலண்ணத்தின் நடுவில் நாக்கால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அதனடியில் இரண்டு எலும்புத் துண்டுகள் தையல் போட்டதுபோல் சேர்கின்றன. சின்ன வயதில் அந்தத் தையல் இளகிக் கிடக்கும். வளரிளம் பருவம் முடிய முடிய இறுகிவிடும். கீழ்த்தாடை வளர்வதும் அப்படித்தான். உயரம் வளர்வது நிற்கும்போது அதுவும் ஏறக்குறைய நின்றுவிடும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது தாடைக்குப் பொருந்தும். பல்லுக்குப் பொருந்தாது.

அதனால் எந்த வயதில் எந்த மருத்துவர் எதைச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இப்போது ஒன்றுதான்: "இன்னும் மூன்று வருஷம் சும்மா இருந்தால் எது கைவிட்டுப் போகும்?" இதற்குத் தெளிவான பதில் வந்தால் உடனே தொடங்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் காத்திருக்கலாம்.

7 வயது என்பது காட்டுவதற்கு, கட்டுவதற்கு அல்ல

பிள்ளையை 7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கத்தின் பரிந்துரை. இது எப்படியோ '7 வயதில் கம்பி போட வேண்டும்' என்று காதுக்குக் காது மாறிப் பரவியிருக்கிறது. காட்டச் சொல்வதற்குக் காரணம் எளிது. 6 வயதையொட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைத்துவிடும். முன்பற்கள் மாறத் தொடங்கிவிடும். மேலும் கீழும் எப்படிக் கடிக்கின்றன என்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரியும்.

அந்த வயதில் காட்டும் பிள்ளைகளில் பலருக்கு ஒன்றுமே செய்ய வேண்டியிருக்காது. என் மகளின் முன்பல் சந்தும் அப்படித்தான். 7 முதல் 11 வயதுவரை மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவே இடைவெளியோடு நிற்பது இயல்பு. மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப் பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் வரும் விரிசல் அது. 11, 12 வயதில் கோரைப் பல் வெளியே வந்ததும், சந்து சிறியதாக இருந்தால், பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். 1937-லேயே பிராட்பென்ட் என்ற ஆர்த்தோடான்டிஸ்ட் இதற்கு 'அசிங்க வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் கொஞ்சம் கொடுமை. ஆனால் அந்தப் பருவத்துப் போட்டோக்களைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது மருத்துவர் காத்திருக்கச் சொன்னது இந்தச் சந்துக்காக. நான் அவரிடம் காட்டிக் கேட்டதும் அதை மட்டும்தான்.

முதலாமவரிடம் திரும்பப் போனேன். மகளின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "மெதுவா வாயை மூடு கண்ணு" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பற்கள் தொட்டுக்கொள்ளும் கடைசி நொடியில் கீழ்த்தாடை இடப்பக்கம் ஒரு சின்ன நழுவல் நழுவியது. மேல்தாடை குறுகலாக இருந்ததால் இடப்பக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே இறங்கிக் கடித்தன. கிராஸ்பைட் என்பது இதுதான். தினமும் அப்படி நழுவியே வளர்ந்தால் தாடையும் முகமும் கோணலாகவே வளர வாய்ப்பு உண்டு. 'எது கைவிட்டுப் போகும்' என்ற கேள்விக்கு இங்கே பதில் இருந்தது: அண்ணத்தின் தையல்.

ஒரு சாவி, ஒரு டார்ச்

மேலண்ணத்தில் எக்ஸ்பேண்டர் என்ற, அண்ணத்தை விரிக்கும் கருவியை வைத்தார்கள். நடுவில் ஒரு திருகு. இரவில் மகள் என் மடியில் தலை வைத்து வாயைத் திறப்பாள். அவள் அப்பா செல்போன் டார்ச்சைப் பிடிப்பார். திருகின் சின்னத் துளையில் கம்பிச் சாவியை விட்டு, முன்னிருந்து பின்னாக ஒரு தள்ளு. ஒரு தள்ளுக்கு கால் மில்லிமீட்டர். மூக்கடியில் ஏதோ இறுக்குகிறது என்பாள். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவாள். பத்தாம் நாள் பார்த்தால் முன்பல் சந்து முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணம் விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அடுத்த சில மாதங்களில் பல் தானாக நெருங்கி வந்தது. திருகுவதை நிறுத்திய பிறகும், விரிந்த இடத்தில் எலும்பு நிரம்ப வேண்டும் என்று கருவியை ஆறு மாதம் அப்படியே விட்டுவைத்தார்கள்.

இதே வேலையை வளர்ந்த ஒருவருக்குச் செய்வதென்றால் அண்ணத்தில் சின்ன ஸ்குரூக்கள் இறக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் அறுவை சிகிச்சை. 8 வயதில் ஒரு சாவியும் டார்ச்சும் போதுமாக இருந்தது.

சீக்கிரம் தொடங்க இன்னும் சில நியாயமான காரணங்கள் உண்டு. கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களைத் தாண்டி வெளியே நிற்பது அதில் முக்கியமானது. மேல்தாடை பின்தங்கியிருப்பதால் இப்படி இருந்தால், நெற்றியிலும் மோவாயிலும் தாங்கிக்கொள்ளும் ஒரு சட்டத்தை மாட்டி, ரப்பர் பேண்டால் மேல்தாடையை முன்னால் இழுப்பார்கள். 10 வயதுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். பிரிட்டனில் இப்படிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, பிற்பாடு தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டவர்கள் 36%. சிகிச்சை பெறாத குழுவில் அது 66%. வீட்டில் அந்தச் சட்டத்தோடு உட்காரப் பிள்ளை அழுதாலும், இந்த வித்தியாசத்துக்காகச் சமாதானப்படுத்தலாம் என்பேன்.

கோரைப் பல்லை யாரும் கவனிப்பதில்லை. 9, 10 வயதில் மேலுதட்டைத் தூக்கி ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால், இறங்கி வரும் கோரைப் பல்லின் புடைப்பு இரண்டு பக்கமும் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு இன்னொரு பக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. பல் அண்ணத்துப் பக்கமாக வழி தவறியிருக்கலாம். எரிக்சன், குரோல் என்ற இருவர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு மேலே நிற்கும் பால் கோரைப் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். வழி தவறிய 46 பற்களில் 36 தானாகத் திரும்பிச் சரியான பாதைக்கு வந்துவிட்டன. கம்பியே இல்லாமல். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பிறகு ஈறைக் கீறி, புதைந்த பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்து இறக்க வேண்டியிருக்கும்.

பால் கடைவாய்ப் பல் சொத்தையால் நேரத்துக்கு முன்பே போய்விட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு சின்ன வளையம் போதும். விரல் சூப்பும் பழக்கத்தை நிரந்தர முன்பற்கள் முளைக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். இவை இரண்டும் கம்பி விவகாரமே இல்லை.

எடுப்பான பல்லில்தான் உண்மையான குழப்பம்

மேல் முன்பற்கள் உதட்டைத் தாண்டி எடுப்பாக நிற்கும் பிள்ளைகளுக்கு எப்போது தொடங்குவது? பெற்றோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 8 வயதில் ஒரு கட்டம், 12 வயதில் இன்னொரு கட்டம் என்று இரண்டு தவணையாகச் செய்வது ஒரு வழி. 12 வயதில் ஒரே மூச்சில் முடிப்பது மற்றொரு வழி.

சீக்கிரம் தொடங்கினால் தாடை நன்றாக வளரும், பிற்பாடு வேலை குறையும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சீக்கிரமும் இன்னொரு குழுவுக்குத் தாமதமாகவும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு இந்தச் சோதனைகளை 2013-ல் தொகுத்து, 2018-ல் புதுப்பித்தது. கடைசியில் வந்து நின்ற இடத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த ஒரே தெளிவான லாபம், முன்பல்லில் அடிபடுவது குறைந்தது.

அந்த ஒரு லாபம் சில பிள்ளைகளுக்குப் பெரியது. பிள்ளை விழுந்தால் எடுப்பான பல்தான் முதலில் தரையைத் தொடும். சைக்கிளும் மரமும் பந்துமாக அலைகிற பிள்ளை, உதட்டால் மூட முடியாத பல், ஏற்கெனவே ஒரு முனை உடைந்திருக்கிறது என்றால் நான் காத்திருக்க மாட்டேன். பள்ளியில் கேலி செய்து பிள்ளை சிரிப்பதையே நிறுத்திவிட்டது என்றாலும் அப்படித்தான். அதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது. இவை எதுவும் இல்லாமல், 'சீக்கிரம் போட்டால் சீக்கிரம் முடியும்' என்ற எண்ணத்தில் மட்டும் தொடங்கினால், பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. இரண்டு தவணை, இரண்டு செலவு, நான்கைந்து வருடம் மருத்துவமனை வாசல். 12 வயதில் முக்கியமான கட்டம் வரும்போது பிள்ளைக்கு அலுத்துப்போயிருக்கும்.

11 முதல் 14: ஏன் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்

எந்த அவசரமும் இல்லாத பிள்ளைக்கு என் தேர்வும் இதுதான். கடைசிப் பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிடுவதால், ஒரே தடவையில் முழு வரிசையையும் கட்டி, பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் முடிக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பால் கடைவாய்ப் பற்கள், அவற்றுக்குப் பதிலாக வரும் பற்களைவிட அகலமானவை. அவை விழும்போது கீழ்வரிசையில் பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இடம் சும்மா கிடைக்கும். விட்டுவிட்டால் பின்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். சரியான சமயத்தில் ஒரு கம்பி வளைவை வைத்து அதைக் காப்பாற்றினால், லேசான நெரிசல் உள்ள பிள்ளைக்குப் பல் பிடுங்காமலேயே சமாளிக்கலாம். எனவே 12 வயதுவரை காத்திருப்பது என்றால் 12 வயதுவரை போகாமலே இருப்பது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவிகளை உடல் வேகமாக வளரும் சமயத்தில் கொடுப்பார்கள். அந்த வேகம் பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையொட்டியும், பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்தும் உச்சத்துக்கு வரும். அக்காவுக்கு 11 வயதில் போட்டோம், தம்பிக்கும் 11-ல் போடுவோம் என்று கணக்குப் போட்டால் தப்பாகும். மருத்துவர் பிறந்த தேதியைப் பார்ப்பதைவிட எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பின் வடிவத்தைப் பார்த்து வளர்ச்சியை எடைபோடுவது இதனால்தான்.

இந்த வயதின் பலவீனம் பல்லில் இல்லை, பிரஷ்ஷில் இருக்கிறது. கம்பியைச் சுற்றிச் சரியாகத் துலக்காவிட்டால், அதைக் கழற்றும் அன்று ஒவ்வொரு பல்லிலும் கம்பியைப் பிடிக்க ஒட்டியிருந்த பிராக்கெட்டின் இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பு தெரியும். சுண்ணாம்புச் சத்து கரைந்த தடம் அது, முழுதாகப் போவதில்லை. 12 வயதில் ராத்திரி பல் துலக்கவே ஆயிரம் தடவை சொல்ல வேண்டிய பிள்ளை என்றால், ஒரு வருடம் தள்ளிப் போடுவதை நான் தோல்வியாக நினைக்க மாட்டேன்.

15-க்கு மேல்

15, 16 வயதில் வெறும் பல் வரிசையைச் சரிசெய்வதென்றால் எந்தக் குறையும் இல்லை. தாடையின் வளர்ச்சியை நம்பிச் செய்யும் வேலைதான் கைநழுவியிருக்கும், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு முன்பே. தாடை வித்தியாசம் பெரிதாக இருந்து அறுவை சிகிச்சைதான் வழி என்றால் இங்கே கணக்கு தலைகீழ்: வளர்ச்சி முழுதாக நின்ற பிறகே செய்வார்கள். பையன்களுக்கு அது 18, 20 வயதுகூட ஆகலாம். ஞானப் பல் வந்து முன்பல்லைத் தள்ளிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். கீழ் முன்பல் நெரிசல் ஞானப் பல்லே இல்லாதவர்களுக்கும் வருகிறது.

பெரியவர்கள்: வயதைக் கேட்காதே, ஈறைக் கேள்

அலுவலக அக்காவைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. எனக்கு 41 வயது. கீழ் முன்பற்கள் பத்து வருடமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கின்றன. போய் உட்கார்ந்ததும் மருத்துவர் கம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. மெல்லிய ஒரு கம்பிக்கோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார்: "மூணு, ரெண்டு, மூணு… அஞ்சு." அந்த 'அஞ்சு' வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். ஈறு நன்றாக இருந்தால் 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

பல்லை நகர்த்துவது எலும்பைக் கரைத்துப் படியவைக்கும் வேலை. ஈறு நோய் ஏற்கெனவே எலும்பைத் தின்றுகொண்டிருக்கும்போது அதன் மேல் கம்பியும் போட்டால் பல்லே ஆடிப்போகும். நோயை அடக்கிய பிறகு போட்டால் பிரச்சினை இல்லை. 40-க்கு மேல் கேட்க வேண்டியது இதுதான். வயது இரண்டாம் பட்சம்.

வேறு சிலவும் உண்டு. இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், எலும்போடு ஒட்டியிருப்பதால் நகராது. ஆகவே விழுந்த பல்லுக்கு இம்பிளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் கம்பி, பிறகு இம்பிளான்ட் என்ற வரிசையை யோசிக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். பல் நகர்வதையே அது மந்தமாக்கும். நெருக்கமான முன்பற்களை நேராக்கியதும், ஈறோரம் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் தெரியலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதிர்ச்சி இருக்காது.

ஆனால் பெரியவர்களுக்கு ஒரு பெரிய பலம்: தாங்களாகவே ஆசைப்பட்டு வருகிறார்கள். 1990-களின் கடைசியில் வந்த அலைனர்கள் இதை இன்னும் சுலபமாக்கின. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை; ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் பல்லிலேயே இருக்க வேண்டும். அக்கா அலைனரை வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணம்: "கழட்டி வெக்கிற பொருள் எதுவும் என்கிட்ட தங்காது." தன்னைத் தெரிந்த மனுஷி.

எந்த வயதில் போட்டாலும்

1988-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் மற்றவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல் பிடுங்கிச் சீரமைத்து, கம்பி கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரையும் நிறுத்திப் பல வருடம் ஆனவர்களைப் பார்த்தார்கள். கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் நின்றது 10% பேருக்குத்தான். சிகிச்சை பெற்றது சின்ன வயதில்தான். ஆனாலும் வரிசை கலைந்தது. பல் ஆயுள் முழுக்க நகரும் என்பதற்கு மறுபக்கம் இது. அதனால் இப்போது பல மருத்துவர்கள் இரவு ரிட்டெய்னரை 'பல் இருக்கும்வரை' என்றே சொல்கிறார்கள். கழற்றிய ரிட்டெய்னரை டிஷ்யூவில் சுற்றி வைத்து, மேசையைத் துடைக்கும்போது குப்பையோடு சேர்த்துப் போடும் வயதுதான் 13. அந்தப் பொறுப்பு வந்துவிட்டதா என்பதும் எப்போது தொடங்குவது என்ற கணக்கில் சேர வேண்டும்.

மகளுக்கு இப்போது 12. கிராஸ்பைட் திரும்ப வரவில்லை, சந்து தானாக மூடிவிட்டது. கோரைப் பல் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் தெத்தாக வந்திருக்கிறது. கடைசிப் பால் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அது விழட்டும், பிறகு கம்பி போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்கு ஈறு சுத்தம் செய்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாரம் அந்த 'அஞ்சு' எங்கே நிற்கிறது என்று திரும்ப அளக்கப் போகிறார்கள். அம்மாவுக்கு முதலில் கம்பியா, மகளுக்கு முதலிலா என்று வீட்டில் பந்தயம். ஜெயிக்க வேண்டும் என்று அவள் நாக்கால் அந்தப் பல்லை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.